மெயிலில் உன் பெயருக்குக் கீழே

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றதைப் போனில் சொல்கிறேன், நீ எடுக்க வேண்டும்.

அப்பாவின் இன்சூரன்ஸ் விஷயமாக ஆபீஸ் மெயிலிலிருந்து எழுதியிருந்தாயே, அதில் உன் பெயருக்குக் கீழே, உன்னை 'ஹி', 'ஷி' என்று சொல்லாமல் 'தே, தெம்' (they, them) என்று சொல்லும்படி இருந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. இங்கிலீஷ் கிராமர் சொல்லிக்கொடுத்தே ரிட்டையரானவள் நான், எனக்குப் புரிந்தது. அப்புறம் தேடிப் படித்தேன். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைச் சொல்ல 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே 'தே' போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டிலும் தன்னை வைக்காதவருக்கும் அது உரியது என்று 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி சேர்த்தது. உன்னிடம் கேட்பதைவிட அகராதியிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

டொராண்டோவில் அத்தனை பேர் பார்க்கிற மெயிலில் தைரியமாகப் போட்டிருக்கிறாய். எனக்குப் பெருமைதான். பெற்றவளிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?

வேளைக்குச் சாப்பிடு. பாலின அடையாளத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்று கனடாவில் 2017-லேயே சட்டம் வந்துவிட்டதாம். சட்டம் இருக்கட்டும், மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? அதைச் சொல். போன் பண்ணு.

இங்கிலீஷில் 'ஹி', 'ஷி' என்கிற ப்ரோனவுனை மாற்றினால் போதும், வினையில் ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது. நமக்கு வந்தான், வந்தாள் என்று வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டியிடம் 'வந்தார்' என்றால், பெற்ற பிள்ளைக்கு என்னடி மரியாதை என்பார்கள். அதனால் 'பிள்ளை போன் பண்ணுச்சு', 'பிள்ளைக்கு வேலை அதிகமாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாட்டிக்கு அது உறுத்தவில்லை. உனக்கு உறுத்துமா? உறுத்தினால் சொல், 'அவர்' என்றே சொல்லிப் பழகுகிறேன், பாட்டி என்ன சொன்னாலும் சரி.

ஜாதகத்தை மாமாவிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். கல்யாணப் பேச்சை எடுப்பேன் என்று பயந்துதான் போனை எடுக்கவில்லை என்றால், அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன், போன் பண்ணு. இராத்திரி ரொம்ப நேரம் விழித்திருக்காதே.

சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. உன் பெயருக்கு முன்னால் செல்வனும் வேண்டாம், செல்வியும் வேண்டாம், பெயரை மட்டும் போடுங்கள் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வேறு மாதிரி வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா