கல்லு விஷயம்

அன்புள்ள அந்தோணி,

எட்டு மாசமாகக் கடிதம் போடாததற்குத் திட்டுவதென்றால் இந்தப் பத்தியோடு திட்டி முடித்துவிடு. நீ தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ படத்துக்கு நான் பதில் போடுவதில்லை என்று உன் தங்கையிடம் புகார் சொன்னாயாமே. அறுபத்தாறு வயசில் எனக்கு ரோஜாப்பூ அனுப்புகிறவனுக்கு என்னத்தைப் பதில் போட? மூட்டுவலி அப்படியே இருக்கிறது. சுகர் ஏறி இறங்குகிறது. லீலா உன்னையும் மேரியையும் விசாரித்தாள். அவ்வளவுதான் விசாரிப்பு.

இதைப் போனில் சொல்லத்தான் இரண்டு தடவை உன் நம்பரைப் போட்டேன். நீ எடுத்ததும் "அங்கே மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஏதோ கோளாறு என்று உனக்குத் தோன்றியிருக்கும். கோளாறுதான்.

எங்கள் சர்ச் போதகர், சேகரத்து ஐயர், என்னைப் பிடித்து சண்டே ஸ்கூலில் பத்துக் கட்டளை எடுக்கச் சொன்னார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் சும்மா இருந்தால் ஊருக்குப் பொறுக்காது. ஏழு கட்டளை ஒழுங்காகப் போய்விட்டது. (ஏழாவதைப் பிள்ளைகளிடம் எப்படி விளக்கினேன் என்று கேட்காதே, நேரில் சொல்கிறேன்.) எட்டாவதுக்கு வந்தேன். "களவு செய்யாதிருப்பாயாக." இப்போதே உன் குரல் கேட்கிறது, அது ஏழாவதுலே என்று. சரி, கத்தோலிக்கர் உங்களுக்கு ஏழாவது. விக்கிரகக் கட்டளையை முதலாவதோடு சேர்த்துக் கட்டிவிட்டு, இச்சிக்காதே என்பதை இரண்டாக உடைத்த அகுஸ்தீனார் கணக்கு உங்களுடையது. லுத்தரன்காரர்களும் அந்தக் கணக்குத்தான். இதற்காக நாம் ஆறாம் வகுப்பில் புளியமரத்தடியில் கட்டிப் புரண்டதும், குட்டை சார் வந்து ரெண்டு பேருக்கும் எட்டெட்டு அடி கொடுத்து "எட்டுன்னே வச்சுக்கிடுங்க" என்றதும் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நான்தான் ஜெயித்தேன்.

எதெல்லாம் களவு என்று பிள்ளைகளைக் கேட்டேன். பென்சில், மாங்காய், பக்கத்து வீட்டு வைஃபை. ஒருத்தன் "பாஸ்வேர்டை அவங்களே சொல்லிட்டு அப்புறம் மாத்திட்டா?" என்றான். வக்கீலாக வருவான். கடைசி பெஞ்சில் ஒரு சின்னப் பெண், வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். "எங்கம்மா பாத்திரம் தேய்க்கிற வீட்டுல சம்பளத்தைப் பத்தாம் தேதி, பன்னெண்டாம் தேதின்னு இழுப்பாங்க. அது களவா சார்?" என்றாள். எந்த வீடு என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பையனும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். பைபிளில் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தேன். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக் கூடாது என்று இருக்கிறது. நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பையன் தரையைப் பார்த்தான்.

அதே அதிகாரத்தின் கடைசியில்தான் தராசு வருகிறது. "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும்." அந்தச் சொல் எனக்குச் சின்ன வயசிலிருந்து பிடிக்கும். நல்ல முத்திரை என்று நானே பிரித்து அர்த்தம் பண்ணிக்கொள்வேன். கடைக்கு முத்திரை ஆய்வாளர் வந்து கல்லின் குழியிலுள்ள ஈயத்தில் முத்திரை அடிப்பார் இல்லையா, மோசேயிடமும் அப்படி ஓர் ஆள் இருந்திருப்பார் என்று நம்பியிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எலக்ட்ரானிக் தராசைத் தவிர வேறு பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு அப்பாவின் பழைய தராசையும் கல்லையும் காட்டலாம் என்று நினைத்துப் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தராசு சுலபமாகக் கிடைத்தது, பரணில் சாக்கு சுற்றி இருந்தது. கல் மட்டும் இரண்டு செட் இருந்தன. ஒன்று கல்லாவுக்குக் கீழே, அதன் ஈயத்தில் அவ்வப்போது அடித்த முத்திரை வரிசையாக. இன்னொன்று பின்கட்டில், கருப்பட்டி இறக்கும் இடத்தில், மரப்பெட்டிக்குள். ஈயம் பளபளவென்று நிறைய இருந்தது. முத்திரை ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் ஐந்து கிலோ கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருமகள் கேக் செய்ய ஒரு தராசு வாங்கி வைத்திருக்கிறாள், மாவு தூசியோடு. முதல் கல்லுக்கு 4,998 என்று காட்டியது. தேய்மானம், சரி. இரண்டாவது கல்லுக்கு 5,225.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 5,225. தராசு சரிதானா என்று ஒரு கிலோ சீனி பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. லீலா அடுக்களையிலிருந்து "என்ன, கேக்கா?" என்றாள்.

அந்தோணி, உனக்கு அந்தக் கல்லைத் தெரியும். "சின்னவனே, சரக்குக் கல்லை எடு" என்பார் அப்பா. விற்கும்போது கடைக்கல், கொள்ளும்போது சரக்குக் கல். உலகத்தில் எல்லாக் கடையிலும் அப்படி இரண்டு உண்டு என்று நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. (நம் காலத்தில் அது பதினோராம் வகுப்பு) வரை, பங்குனி தொடங்கிப் பதனீர்க் காலம் முழுக்கச் சாயங்காலம் அந்தக் கல்லை எடுத்துத் தட்டில் வைத்தது நான். எதிர்த்தட்டில் உங்கள் அம்மாவின் கருப்பட்டி. கடவப்பெட்டியை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். நீ பக்கத்தில் நின்று எனக்குக் கண்ணைக் காட்டுவாய், விளையாடப் போகலாம் என்று.

எனக்குத் தெரியுமா, தெரியாதா? மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். தெரியாது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஆய்வாளர் வருகிற அன்று மரப்பெட்டியின் மேல் புளிமூட்டையைத் தூக்கி வைத்ததும் நான்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி கடையில எடை சுத்தம்" என்று ஊரே சொல்லும். அது பொய்யும் இல்லை. காசு கொண்டு வருகிறவர்களுக்கு முத்திரைக் கல். கைநிறையக் கொசுறு, கடலைமிட்டாய். அப்பாவிடம் முன்பணம் வாங்கிவிட்டுக் கருப்பட்டி போட்டவர்களுக்குத்தான் மற்ற கல். கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வருஷம் ஒரு மூட்டை அரிசி கொடுத்தார். கோயிலில் பெஞ்சு உபயம். நான் உட்காரும் பெஞ்சே அதுதான், முதுகில் அவர் பெயர் உறுத்துகிறது. உபாகமத்தில் நேராகவே இருக்கிறது, உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம் என்று. அந்த வசனத்தை அவர் குடும்ப ஜெபத்தில் வாசித்துக் கேட்டிருக்கிறேன். குரல் பிசிறவில்லை. என்னை அடிக்காமல் வளர்த்த மனுஷன். செத்து இருபது வருஷமாகிறது. அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை, அந்தக் கல்லை அவருடையது இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

கணக்கு வாத்தியார் என்ன செய்வான்? கணக்குப் போட்டான். வாரத்துக்கு நாற்பது கிலோ என்று வைத்தேன். நீதான் திருத்த வேண்டும், குறைவாகத்தான் வைத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. பதினாறு வாரம், 640 கிலோ. கிலோவுக்கு 45 கிராம். ஒரு காலத்துக்கு 28.8 கிலோ. ஆறு வருஷத்துக்கு 172.8. நான் பாளையங்கோட்டையில் காலேஜ் சேர்ந்த வருஷம் நீ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றாய். என் ஃபீஸில் உங்கள் அம்மா காய்ச்சிய பாகும் இருந்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுத?

திருப்பிக் கொடுக்க வேதத்தில் வழி இருக்கிறதா என்று பார்த்தால் ஒன்றுக்கு நாலு இருக்கிறது. திருடின மாட்டை விற்றிருந்தால் ஐந்து மாடு, ஆட்டுக்கு நாலு ஆடு. வரி வசூலிக்கிற சகேயு (உங்களுக்குச் சக்கேயு, சண்டை வேண்டாம்) காட்டத்தி மரத்திலிருந்து இறங்கி நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். லேவியராகமத்திலோ, தானே ஒப்புக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். கருப்பட்டிக்குக் கிலோ 300 என்று வைத்தால், சகேயு கணக்கில் 2,07,360 ரூபாய். லேவியராகமக் கணக்கில் 62,208. எனக்குள் இருக்கிற கடைக்காரன் எந்தக் கணக்கில் சாய்ந்தான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானே ஒப்புக்கொள்கிறேனே, பிறகென்ன என்று வாதாடவும் செய்தான். அன்று ராத்திரி தூங்கவில்லை.

உங்கள் சபையின் மறைக்கல்வி ஏட்டையும் எடுத்துப் பார்த்தேன், உன் தங்கை மகன் கொடுத்தான். கூலியை அநியாயமாகக் குறைப்பதும், வரி ஏய்ப்பதும், வேலையை மோசமாகச் செய்வதும் உங்கள் ஏழாவதுக்குள்ளேயே வருகின்றன. கடைசி பீரியடில் நான் மேஜையில் தலைசாய்த்த மத்தியானங்களுக்கும் சேர்த்துப் பில் வரும்போல. ஆனால் என்னை உலுக்கியது வேறு. யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் ரபிமார், அவர்கள் குருமார், பத்துக் கட்டளையில் இருக்கும் களவு பொருளைத் திருடுவது இல்லை, ஆளைத் திருடுவது என்கிறார்கள். பொருள் களவுக்கு லேவியராகமத்தில் தனி வசனம் இருக்கிறதாம். யோசேப்பு சிறையில் அதைத்தானே சொல்கிறான், எபிரெயருடைய தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டேன் என்று. படித்தபோது சுவாரசியமான விஷயம், பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று மட்டும் நினைத்தேன். மறுநாள் கல்லை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. "சின்ன மொதலாளியா? வா ராசா" என்றார்கள். இன்னும் சின்ன மொதலாளிதான். கல்லை மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள். எண்பத்தாறு வயசுக் கை.

"சரக்குக் கல்லுல்லா" என்றார்கள்.

"தெரியுமா பெரியம்மா?"

"அப்பமே தெரியும். உழக்குப் பதனி கூடுதா குறையுதான்னு கையிலயே தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே."

"முன்பணம் வாங்குன கை கல்லத் தூக்கிப் பாக்குமா மக்கா? சைமன் கேட்டான். மறுவருசம் அவனுக்கு முன்பணம் கெடையாது. மரம் ஏற அவங்கிட்ட என்ன இருந்துச்சு? போய்ட்டான்."

சைமன் சித்தப்பா பம்பாய்க்குப் போனது குடியால் என்றல்லவா நம்மிடம் சொன்னார்கள்? நானும் ஐம்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நீ ரயிலேறினாய். நான் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தேன், கடையிலிருந்து எடுத்தது. உனக்கு இந்தச் சங்கதி முன்பே தெரியுமா? தெரிந்தும் இத்தனை வருஷம் எனக்கு ரோஜாப்பூ அனுப்பினாயா? அதை மட்டும் உள்ளபடி எழுது.

பணத்தைப் பற்றிச் சொன்னேன், சகேயு கணக்குத்தான் சொன்னேன், சத்தியமாக. உன் தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். ஊர் என்ன நினைக்கும், வேண்டவே வேண்டாம் அண்ணன் என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அதனால் முடிவு உன் கையில். பாங்க் கணக்கு எண்ணை அனுப்பு, அல்லது சைமன் சித்தப்பாவின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எழுது. அவர் கணக்கை நான் இன்னும் போடவே இல்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பெருந்தன்மையாக "விடுலே" என்று எழுதினால் நேரே பம்பாய்ப் பக்கம் கல்யாணுக்கே ரயிலேறி வந்து உன் வீட்டு வாசலில் உட்காருவேன். எனக்கு சீனியர் சிட்டிசன் சலுகையும் கிடையாது இப்போது, முழு டிக்கெட்.

கிளம்பும்போது கல்லை எடுக்கப் போனேன். "அது கெடக்கட்டும்" என்றார்கள். உங்கள் வீட்டுப் பின்கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறதாம், ராத்திரி தூக்கம் வரவில்லையாம். நான்தான் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அசையவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது இருட்டில் பார்த்து நட, காலில் இடித்துக்கொள்ளாதே.

உன்,
ஞானம்