மேளக்காரர் ஏன் எழும்பிப் போகவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய படம் பார்க்கப் பொறுமையில்லை, அரை நிமிடத்துக்கு மேல் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள் என்று மாசி மாதம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் குறைபட்டு எழுதியிருந்தார். வாசித்துவிட்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தானே என்று நானும் தலையாட்டினேன். பிறகு ஏதோ ஒரு வீம்பு வந்து அன்றைக்கு இரவே ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைப் போட்டேன். அன்று வீட்டில் நடந்ததையும் அதற்குப் பிறகு கோவிலில் நடந்ததையும் எழுதத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு மகள் தரம் 9, மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிற பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலப் படம் போட்டதற்கு மனைவி என்னைப் பார்த்த பார்வை வேறு கதை, அதை விடுவோம். அறுவடை முடிந்த நேரம், விறாந்தையில் நெல் மூட்டை அடுக்கியிருந்தது. மகன் அதற்கு மேலே ஏறி இருந்துகொண்டான், மகள் போனும் கையுமாகச் சுவரோடு சாய்ந்தாள், அம்மா கதிரையை ரிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

படம் தெரிந்தவர்களுக்குத் தொடக்கம் ஞாபகம் இருக்கும். சிக்கல் சண்முகசுந்தரம், அதாவது சிவாஜி, கோவில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாணவேடிக்கை தொடங்கும், சனம் அந்தப் பக்கம் திரும்பும், அவர் கோபத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவார். மகன் கேட்டான், “இவர் என்ன, சரியான கோவக்காரரோ?” நான் வாயைத் திறக்க முன்னம் அம்மா சொன்னா, “நீ சோறு தின்னேக்க ஆரும் கோப்பையை இழுத்தா நீ சும்மா இருப்பியோ?” அதோடு அவன் அடங்கிவிட்டான்.

அம்மா பிறந்தது அளவெட்டியில். கலியாணம் செய்துதான் வன்னிக்கு வந்தவ. 1968இல் வந்த இந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரில் தன் தமக்கையோடு போய்ப் பார்த்திருக்கிறா. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதைதான் பிறகு ஏ.பி. நாகராஜன் கையில் படமானது என்பதை எனக்குச் சின்ன வயதிலேயே சொன்னதும் அவதான். ஆனால் அன்றைக்கு இரவு சொன்ன ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. “உது காதல் கதை எண்டு நினைக்காதேங்கோ பிள்ளையள், உது பெரிய மேளத்துக்கும் சின்ன மேளத்துக்கும் நடந்த போட்டி” என்றா. நாதஸ்வரம் தவில் என்றால் பெரிய மேளம், கோவில் திருவிழாவில் ஆடுகிற பெண்களின் சதிர் என்றால் சின்ன மேளம், படத்தில் பத்மினி ஆடுகிற மோகனா அந்தப் பக்கம். யாழ்ப்பாணத்துக் கோவில்களில் அந்தக் காலத்தில் இரண்டும் இருந்தன, சின்ன மேளம் பார்க்கிறதற்கென்றே வண்டில் கட்டிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள் என்று தன்னுடைய அம்மா சொன்ன கதைகளை எல்லாம் இடையிடையே அவிழ்த்தா. அதில் கொஞ்ச வசனங்கள் எங்களுக்குக் கேட்காமல் போனது உண்மைதான், ஆனால் நாற்பது வயது தாண்டின எனக்கே அன்றைக்குத்தான் படம் வேறு மாதிரி விளங்கியது. நான் அதுவரைக்கும் ரயில் பெட்டிக்குள்ளே சிவாஜியும் பத்மினியும் கண்ணாலேயே கதைக்கிற இடத்தைத்தான் படம் என்று வைத்திருந்தேன்.

பிள்ளைகள் பார்த்தது அதையில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதானால் நடனம் நீண்ட இடங்களில் இரண்டு பேரும் எழும்பித் தண்ணீர் குடித்தார்கள். வைத்தியாக நாகேஷ் வந்ததும் மகள் நிமிர்ந்து இருந்தாள். அந்த முகத்தை வாட்ஸப் ஸ்டிக்கரில் பார்த்திருக்கிறாள், அவர் பெயர்தான் தெரியாது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிக்கு மகன் மூட்டைக்கு மேலிருந்து விழாத குறை. பிறகு வெள்ளைக்காரருக்கு முன்னால் நாதஸ்வரத்தில் இங்கிலிஷ் நோட்டு வாசிக்கிற இடம் வந்ததும் மகள் போனைத் தானாகவே கவிழ்த்து வைத்தாள். சிவாஜிதான் உண்மையாக வாசிக்கிறாரா என்று கேட்டாள். இல்லை, வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி என்ற அண்ணன் தம்பி, சிவாஜி மூச்சையும் விரலையும் கழுத்து நரம்பையும் மட்டும்தான் கொடுத்தார் என்றேன். நம்பவில்லை. அடுத்த நாள் அந்தப் பாகத்தை மட்டும் நாலைந்து தரம் போட்டு விரலையும் சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை பிடிக்கத்தான் பார்த்தாள், பிடித்தாளா என்று சொல்லவில்லை.

மகனுக்கு நாதஸ்வரமும் இல்லை மோகனாவும் இல்லை, தவில். பாலையா முத்துராக்குவாக வந்து தவிலோடு குந்தியிருக்கிற ஒவ்வொரு இடத்திலும் அவருடைய கையைத்தான் பார்த்தான். ஒரு பக்கம் விரலால், மற்றப் பக்கம் தடியால் ஏன் என்று கேட்டான். வலந்தலை என்கிற வலப்பக்கத்துக்கு விரலில் கூடு போட்டு அடிப்பது, தொப்பி என்கிற இடப்பக்கத்துக்குப் பூவரசம் கழி என்று அம்மா சொல்லிக்கொடுத்தா. அடுத்த நாள் எங்கள் வேலியில் ஒரு பூவரசங் கொப்பைக் காணவில்லை. வீட்டிலிருந்த பிளாஸ்ரர் முழுவதும் அவனுடைய வலது கை விரல்களில் இருந்தது, பிஸ்கற் ரின் நெளிந்து போனது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்த கதையையும் சொல்லவேண்டும். 1997 என்று நினைவு, கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தோம். கரண்டைக் கண்டு பல வருடம், மண்ணெண்ணெய் பவுண் விலை. ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் வைத்து, ரிவியும் டெக்கும் கொண்டுவந்து படம் போட்டார்கள். கச்சான் கூட விற்றது. நாங்கள் பெடியள் முன்னுக்கு மண்ணிலே இருந்து பார்த்தோம். சண்முகசுந்தரத்தின் கையில் நஞ்சு தடவிய கத்தி பட்டதும் ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது, படம் சுருங்கி ஒரு புள்ளியாகி நின்றுவிட்டது. எண்ணெய் முடிந்தது. அந்தக் கை சுகமானதா, அவர் திரும்ப வாசித்தாரா என்று தெரியாமல் நான் இருளில் நடந்து வந்தேன். அப்பா வழியில் மிச்சக் கதையைச் சொன்னார், ‘நலந்தானா’ பாட்டைத் தனக்குத் தெரிந்த மாதிரி இழுத்துப் பாடியும் காட்டினார் (அவருக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது). 2002இல் ஏ9 பாதை திறந்து, வீசீடி எல்லாம் வந்த பிறகுதான் அந்தக் கடைசிப் பாகத்தை நான் கண்ணால் கண்டேன். ஐந்து வருடமாக அப்பாவின் குரலில் இருந்த பாட்டை சுசீலா பாடக் கேட்டபோது ஏதோ பிழையாகப் பாடுகிறா போலத்தான் இருந்தது.

சரி, கோவில் கதைக்கு வருகிறேன். கோவிலின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் இது ஒரு கோவிலில் மட்டும் நடக்கிறதில்லை.

பூங்காவனத் திருவிழாவன்று யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து மேளம் வந்திருந்தது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், நாலு பேரும் ஒரு பட்டா லொறியின் பின்பக்கத்தில் இருந்து வந்து இறங்கினார்கள். பூசை முடிந்து சுவாமி இருப்புக்கு வந்ததும் வாசிக்கத் தொடங்கினார்கள். மகன் என் கையை உதறிவிட்டு முன்னால் போய்த் தவிலுக்குப் பக்கத்தில் குந்தினான், நானும் பின்னால் போனேன். நாதஸ்வரக்காரர் ராகத்தை மெல்ல மெல்லத் திறந்துகொண்டு வந்தார். சண்முகப்பிரியா என்று எனக்குப் பட்டது, படத்தில் ‘மறைந்திருந்து’ பாட்டுக்கு வருகிற அதே ராகம். அந்த நேரம் பார்த்து மேற்கு வீதியில், இரவு இசைக்குழுவுக்காக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பொக்ஸில் இருந்து, “ஹலோ ஹலோ, மைக் ரெஸ்ரிங், வன் ரூ த்ரீ.” பிறகு ஒரு குத்துப்பாட்டு அரைவாசி. பிறகு திரும்பவும் ஹலோ. சனம் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. இளம் நாதஸ்வரக்காரர் சீவாளியை, அதுதான் வாயில் வைத்து ஊதுகிற துண்டை, வாயிலிருந்து எடுத்து ஒருக்கா அந்தப் பக்கம் பார்த்தார், திரும்ப வைத்துக்கொண்டு வாசித்தார். மற்றவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான், “அப்பா, இவர் ஏன் எழும்பிப் போகேல்லை?”

“சம்பளம் வாங்கவேணுமடா” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு மடப்பள்ளிப் பக்கம் அவர்கள் இளைப்பாறும்போது பிளேன்ரீ வாங்கிக்கொண்டு போய், பெடியன் இப்படிக் கேட்கிறான் என்று மூத்த தவில்காரரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “எழும்பிப் போனா அடுத்த வருசம் றெக்கோட் போடுவினம் தம்பி. இல்லாட்டி சுவிச்சைப் போட அடிக்கிற மேளம் இருக்கு.” அந்த மெசின் மேளத்தை நானும் சில கோவில்களில் பார்த்திருக்கிறேன், மணியும் முரசும் கரண்டில் அடிக்கும், ஆளே தேவையில்லை. சொல்லிவிட்டு மகனின் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். அவருடைய விரல்களில் கூடு கழற்றின இடம் வெள்ளையாக ஊறிப்போய் இருந்தது.

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் கேட்க விடிய விடியச் சனம் இருந்தது என்று அம்மா சொல்லுவா. அவர் 1975இல், நாற்பது தாண்டின கொஞ்சத்திலேயே போய்விட்டார். மேளச்சமா என்றால் அதைக் கேட்கவே ஆட்கள் வந்த காலம் அது. அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இசைக்குழு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதற்குக் காசு கொடுத்த உபயகாரரில் நானும் ஒருவன், இரவு முழுக்க இருந்து கேட்டும்விட்டுத்தான் வந்தேன். ஆனால் மேளம் வாசிக்கிற அந்த முக்கால் மணித்தியாலத்துக்குப் பொக்ஸை நிறுத்தி வைக்க ஒரு சதமும் செலவில்லை. பரிபாலன சபையில் யாராவது ஒருவர் போய் அந்தப் பெடியனிடம் “தம்பி, கொஞ்சம் பொறு” என்று சொன்னால் போதும். வாசிக்கிறவர்களுக்கு இருக்க ஒரு நல்ல பாய், குடிக்கத் தண்ணீர், அதையும் செய்யலாம்.

உங்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. திருவிழாச் செய்தி போடுகிறீர்கள், பிரதம குருக்களின் பெயர் இருக்கும், பிரதம விருந்தினர் பெயர் பட்டத்தோடு இருக்கும், இசைக்குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மேளக்காரருக்கு மட்டும் ‘மங்கள வாத்தியங்கள் முழங்க’ என்று மூன்று சொல். வாத்தியம் தானாக முழங்கினது மாதிரி. பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அன்றைக்கு வந்த நாலு பேரின் பெயரையும் ஊரையும் மகன் கேட்டுத் தன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தருமபுரம், கிளிநொச்சி.