போரும் வாய்ப்பூட்டும்

ஆசிரியருக்கு,

உக்ரைன் போர் என்றாலே டிரோன், ஏவுகணை, கச்சா எண்ணெய் விலைக் கணக்குதான் பக்கம் பக்கமாக வருகிறது, அங்கே சாதாரண ஜனங்கள் வாயைத் திறக்க முடிகிறதா என்பது அதிகம் வருவதில்லை. 2022 பிப்ரவரியில் போர் ஆரம்பித்தது, மார்ச் முதல் வாரத்திலேயே ரஷ்யாவில் சட்டம் வந்துவிட்டது: ராணுவத்தைப் பற்றி 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 வருடம் வரை சிறை. அலெக்ஸெய் கோரினோவ் என்ற மாஸ்கோ கவுன்சிலர், உக்ரைனில் குழந்தைகள் சாகும்போது இங்கே குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி எதற்கு என்று கவுன்சில் கூட்டத்தில் கேட்டார், அவ்வளவுதான், 7 வருடம். தில்லி மாநகராட்சிக் கூட்டத்தில் தண்ணீர் பாட்டில் வீசிக்கொண்டதையே பார்த்தவர்கள் நாம்!

சரி, உக்ரைன் மட்டும் ஒழுங்கா? போர்க்காலச் சட்டத்தால் தேர்தல் தள்ளிக்கொண்டே போகிறது. 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் கையைக் கட்டச் சட்டம் கொண்டுவந்தார்கள், குண்டு விழுகிற கீவ் நகரத்திலேயே இளைஞர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் எழுதிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள், மாதம் முடிவதற்குள் நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதையும் முதல் பக்கத்தில் போடுங்களேன். கச்சா எண்ணெய் விலையை நாங்கள் பெட்ரோல் பங்கிலேயே தெரிந்துகொள்கிறோம்.

– ஒரு வாசகர்,
முனிர்கா, புதுதில்லி