பிளாக்பூல் மாதிரி நம்ம வேலூர் கோட்டையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மகன் வீட்டுக்குப் போனப்ப இங்கிலாந்துல பிளாக்பூல் கடற்கரைக்குக் கூட்டினு போனாங்க, சின்னதுலருந்து பெருசு வரைக்கும் எல்லாருக்கும் அங்க எதுனா ஒண்ணு இருக்குது சார். பேத்தி மணல்ல கழுதை சவாரி போனா, கழுதை மூஞ்சிப் பட்டையில அதோட பேரே எழுதியிருந்துச்சு! 1894ல தெறந்த 158 மீட்டர் டவருக்குக் கீழ இருக்குற பால்ரூம்ங்கற டான்ஸ் ஹால்ல தாத்தா பாட்டிங்க கைகோத்து ஆடுறாங்க, பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. 1885லருந்து டிராம் ஓடுற ஊரு, இப்ப அதுல வீல்சேரை அப்படியே தள்ளி ஏத்திடலாம், என் மூட்டுவலிக்கு அது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா. வேலூருக்குக் கடல் இல்லனாலும் கோட்டையும் அகழியும் இருக்குதே, அங்க பெரியவங்க உக்கார நெழல்ல இன்னும் பெஞ்சு, சுத்தமான பாத்ரூம், வீல்சேர் போற பாதை எல்லாம் போட்டுத் தரணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி