கால்கரியில் இருக்கும் மகளுக்கு: ஆளி விதை, எள், கொஞ்சம் கீரை

அன்பு மகளுக்கு,

பினாங்கில் நாங்கள் நலம். தைப்பூசம் நெருங்குவதால் மில்லில் வேலை குவிந்து கிடக்கிறது. தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் பந்தல் போடுகிறவர்கள் சாம்பார்த் தூளுக்கும் ரசத் தூளுக்கும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் தாமதம். போனில் பேசினால் பாதி மறந்துபோகும், எழுதினால் நீ அடுப்படியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். விரல் கணுக்களில் வெடிப்பு, முழங்காலுக்குக் கீழே செதில் செதிலாக உரிகிறது. அதோடு ஒரு விதைப் பொடி விளம்பரத்தையும் அனுப்பி, தோலை உள்ளிருந்து ஈரமாக்குமாம், வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. விலை கூடுதல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த டப்பாவில் எழுதியிருக்கும் ஆளி விதை, எள், பூசணி விதை எல்லாம் நான் தினமும் கையில் அளக்கிற சாமான். எண்ணெய் உள்ள விதையை அரைத்துவிட்டால் காற்று பட்டுச் சீக்கிரம் காறிப்போகும். எப்போது அரைத்தது என்றே தெரியாத பொடியை என் மகள் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட வேண்டாம். நீயே அரைத்துக்கொள்ளலாம், செய்முறை கீழே எழுதுகிறேன்.

முதலில் ஏன் காய்கிறது என்று பார்ப்போம். இங்கே காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தோலிலிருந்து ஈரம் அவ்வளவு வேகமாக வெளியேறாது. நீ இருக்கும் ஊரில் குளிர் நாளில் காற்று −20 டிகிரிக்கு இறங்கினால், அந்தக் காற்றால் மிகக் கொஞ்சம் ஈரத்தைத்தான் ஏந்த முடியும். அதே காற்றை வீட்டுக்குள் ஹீட்டர் 21 டிகிரிக்குச் சூடாக்கும்போது அது வறண்டு கிடக்கும், எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். உன் தோலிலிருந்தும்தான். போதாததற்கு ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று வேறு. அங்கே போன பலருக்கும் இது கொஞ்சமாவது இருக்கும், உனக்கு மட்டும் ஏதோ நோய் என்று பயப்படாதே.

தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், அப்படியும் காய்கிறது என்று எழுதியிருந்தாய். தாகத்துக்கு ஏற்றபடி குடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே போதுமான அளவு குடிக்கிறவர் மேலும் இரண்டு லிட்டர் கூட்டினால் அது சிறுநீராகப் போகுமே தவிர, தோலில் போய்த் தங்கிவிடாது. தோலின் வெளி அடுக்கை மருத்துவர்கள் சுவர் என்று சொல்வார்கள். செத்துப்போன செல்கள் செங்கல், அவற்றின் நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்றும் சேர்ந்தது அந்தச் சாந்து. அது உதிர்ந்தால் நீ உள்ளே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சாந்துக்கு லினோலிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு கட்டாயம் வேண்டும். உடம்பால் அதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி. 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். கொழுப்பே இல்லாத தீனி கொடுத்து எலிகளை வளர்த்தபோது அவற்றின் தோலும் வாலும் செதிலாக உரிந்தன. அந்த எலிகள் தண்ணீரை அதிகமாகக் குடித்தன, சிறுநீர் மட்டும் அதற்கேற்ப கூடவில்லை. கூடுதலாகக் குடித்தது தோல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு உன் தண்ணீர் பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

உனக்கும் அப்படிக் குறைபாடு வந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது அரிது. ஆனால் நீ எண்ணெயே வேண்டாம் என்று வேகவைத்த கோழியும் ஓட்ஸ் கஞ்சியுமாக நாட்களை ஓட்டுகிறாய் என்று அம்மா சொன்னாள். அதுதான் எனக்குக் கவலை. எண்ணெயை அறவே ஒதுக்காதே, பாப்பா. எந்த எண்ணெய் என்பதைப் பார். நம் வீட்டுச் சமையலில் தேங்காய்ப்பால் அதிகம், ருசிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் லினோலிக் அமிலம் 2 விழுக்காடு அளவுதான். இங்கே எல்லாரும் வாங்கும் செம்பனை எண்ணெயில் 10 விழுக்காடு போல இருக்கும். நல்லெண்ணெயில் 40 விழுக்காட்டுக்கும் மேல். பூசணி விதையும் இதில் சளைத்ததல்ல. தாளிக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், சாயங்காலப் பசிக்கு ஒரு கைப்பிடி பூசணி விதை. இதற்கு மேல் ஒன்றும் சிரமமில்லை.

அப்புறம் ஆளி விதை. இதில் அதிகம் இருப்பது வேறு வகைக் கொழுப்பு, ஒமேகா 3. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். ஜெர்மனியில் பெண்களுக்கு 12 வாரம் ஆளி விதை எண்ணெய் கொடுத்துப் பார்த்ததில், தோல் வழியாக ஈரம் வெளியேறுவது குறைந்தது, சொரசொரப்பும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக்கொண்டு அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 12 வாரம் என்பதைக் கவனி. மேல்தோல் புதிதாக உருவாகி மேலே வரவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஏழே நாளில் பளபளப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதே.

எனக்கு இதில் ஒரு சந்தோஷம் என்னவென்றால், ஆளி விதை உனக்கு அக்கம்பக்கத்திலேயே விளைகிறது. உன் மாநிலத்துக்குப் பக்கத்து மாநிலமான சஸ்காட்சவான் ஆளி விதைக்கும் பருப்புக்கும் பேர்போனது. இங்கே லெபோ பாசாரில் விற்கும் மைசூர் பருப்பு மூட்டைகளில்கூட கனடா என்று அச்சடித்திருக்கும். நீ போன ஊரிலிருந்து வந்தது என்று அம்மா அந்த மூட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் விதையை இங்கிருந்து அனுப்பச் சொல்லாதே. அங்கேயே புதிதாக, முழு விதையாக வாங்கு.

முழு விதையை அப்படியே விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமல் போய்விடும், ஓடு அவ்வளவு கெட்டி. அரைத்தால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் உடம்புக்குக் கிடைக்கும். நாம் இட்லிப் பொடி அரைக்கிற மாதிரியே இதையும் அரைக்கலாம். ஒரு கப் ஆளி விதை, அரை கப் வெள்ளை எள், அரை கப் உளுந்து, எட்டு காய்ந்த மிளகாய், ஒரு பிடி கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறு, ஒன்றாகப் போட்டால் எள் கருகிவிடும், உளுந்து பச்சையாக நிற்கும். ஆளி விதையை மிகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். படபடவென்று பொரியத் தொடங்கியதும் நிறுத்திவிடு. சட்டியிலேயே விடாதே, அந்தச் சூட்டிலேயே கசந்துபோகும், தட்டில் கொட்டிப் பரப்பு.

ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும். மிளகாய், உளுந்து, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு இவற்றை முதலில் நைசாக அரைத்துவிட்டு, எள்ளையும் ஆளி விதையையும் கடைசியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டு. தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி எண்ணெய் கக்கி, பொடி களியாகிவிடும். மில்லில் நான் எள்ளை எப்போதும் காலையில் முதல் வேலையாகப் போடுவதும் இதற்குத்தான், இயந்திரம் சூடாவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மேலே சொன்ன அளவு உனக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே வரும். அளவைக் குறைத்து, ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வை. பழைய எண்ணெய் வாடையோ கசப்போ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், இரண்டுக்கு மேல் வேண்டாம். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தாலும் சரி, தோசைக்குத் தொட்டுக்கொண்டாலும் சரி. நார்ச்சத்து நிறைய இருப்பதால் சாப்பிட்ட பிறகு தண்ணீர் குடி. மாத்திரை எதுவும் போடுவதாக இருந்தால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. இன்னொன்று, உன் அறைத் தோழிகளுக்குக் கொடுப்பதற்கு முன் எள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடு. சிலருக்கு எள் ஒவ்வாமை கடுமையாக இருக்கும்.

சப்ஜா விதை பற்றியும் கேட்டிருந்தாய். பண்டோங் என்கிற ரோஜாப் பால் பானத்தில் மிதக்குமே, இங்கே மலாய்க்காரர்கள் செலாசே என்பார்கள், அதுதான். கால் மணி நேரம் ஊறினால் வழுவழுப்பாக உப்பிவிடும். வெயில் காலத்தில் குடிக்க இதமாக இருக்கும், மலச்சிக்கலுக்கும் நல்லது. ஆனால் அதன் வழுவழுப்பு வயிற்றில்தான் இருக்கும், முகத்துக்கு வராது. பிடித்தால் குடி, தோலுக்காகக் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டியதில்லை. சியாவும் ஏறக்குறைய இதே வகைதான், இரண்டிலும் ஒமேகா 3 உண்டு. இரண்டையும் ஒருபோதும் உலர்ந்தபடி வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதே. அமெரிக்காவில் ஒருவர் உலர்ந்த சியாவை விழுங்கித் தண்ணீர் குடித்து, அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டு மருத்துவர்கள் எடுக்க வேண்டியதாகிவிட்டது. 2014இல் அதைப் பற்றி மருத்துவ மாநாட்டிலேயே பேசினார்கள்.

வெந்தயம் அம்மாவுக்கு உயிர். ஊறவைத்த வெந்தயம் சாப்பிடச் சொல்லு, தோல் மினுங்கும் என்று இப்போதும் பக்கத்தில் நின்று சொல்கிறாள். வயிற்றுக்கும் சர்க்கரைக்கும் வெந்தயம் நல்லது, ஆனால் தோலை ஈரமாக வைக்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. குழம்பில் போடு, அது போதும்.

கீரை விஷயத்தில்தான் நீ இங்கே இருந்தபோது கொடுத்துவைத்திருந்தாய். சௌராஸ்டா சந்தையில் வல்லாரையைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து, கழுவிப் பச்சையாகச் சம்பாலோடு சாப்பிடுவாய். வல்லாரையை இப்போது முகக் களிம்புகளில் நிறையச் சேர்க்கிறார்கள், காயம் ஆறவும் தோலைத் தேற்றவும் மேலே பூசித்தான் பெரும்பாலும் சோதித்திருக்கிறார்கள். சாப்பிட்டால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் கீரையாக நல்ல கீரை. அங்கே வியட்நாமியர் கடைகளில் கிடைத்தால் வாங்கு. மாத்திரையாக விற்பதை மட்டும் தொடாதே, சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது.

கிடைக்காவிட்டாலும் குறையில்லை. கொத்தமல்லி, பசலை, உறைய வைத்த வெந்தயக்கீரை, முருங்கைக்கீரை, எது கிடைக்கிறதோ அது. இவற்றிலிருக்கும் பீட்டா கரோட்டின் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும், அது உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிடு, வெறும் தண்ணீரில் அவித்து விழுங்காதே. தோலுக்கு நல்லது என்று வைட்டமின் ஏ மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. அது அளவு மீறினால் தோல் இன்னும் காயும், உதடு வெடிக்கும்.

சாப்பாடு மட்டும் இந்தக் குளிரைச் சமாளிக்காது. கொதிக்கிற தண்ணீரில் நெடுநேரம் குளிக்காதே, வெதுவெதுப்பு போதும். குளித்துத் துவட்டியதும் தோலில் ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத கெட்டிக் களிம்பைப் பூசு. பாத்திரம் கழுவும்போது கையுறை போடு. அறைக்கு ஒரு ஈரப்பதக் கருவி வாங்கிக்கொள், அந்தப் பொடி டப்பாவுக்குக் கொடுக்க இருந்த காசு அதற்குப் போகட்டும்.

வெடிப்பில் இரத்தம் வந்தாலோ, அரிப்பால் தூக்கம் கெட்டாலோ, சிவந்து வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போ. முடி கொட்டுவது, சோர்வு, உடம்பு எப்போதும் குளிர்ந்திருப்பது இவையும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதிக்கச் சொல். அத்தைக்கு அப்படித்தான் தோல் வறட்சியில் தொடங்கியது, உனக்குத் தெரியும்.

பெருங்காயமும் உப்பும் அங்கேயே வாங்கிவிடு. குடும்பமாக அரைக்கிற சாம்பார்த் தூளும், அம்மா வெயிலில் காயவைத்த மிளகாயும் மட்டும் தைப்பூசம் முடிந்ததும் பார்சல் போடுகிறேன். பொடி அரைத்ததும் ஒரு படம் அனுப்பு, அரைத்த பதம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று வாரம் ஒரு படம் அம்மாவுக்கு அனுப்பு. அவள் கேட்க மாட்டாள், ஆனால் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா