வாரக் குறிப்பும் மின்தடை அறிவிப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 18 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே புயலில் கடையின் ஷீட் பறந்து மழை உள்ளே கொட்டியதில் அளவு நோட்டு மை கரைந்து ஒன்றுக்கும் உதவாமல் போனது. ஒவ்வொருவரையும் திரும்ப வரச்சொல்லி அளவெடுத்தேன். இப்போது அளவிலிருந்து அன்றாட வேலை வரை எல்லாம் போனில், கூகுள் கீப் என்ற குறிப்பெழுதும் ஆப்பில்தான். போன் தொலைந்தாலும் கூகுள் கணக்கில் இருக்கும்.

ஆரம்பத்தில் ஒரே பட்டியலில் நாற்பது வேலையைப் போட்டு வைத்தேன். பார்த்தாலே மலைப்பு. சுலபமானதை மட்டும் முடித்து டிக் போடுவேன், முகூர்த்த ப்ளவுஸ் அப்படியே கிடக்கும். அப்புறம்தான் இரண்டாகப் பிரித்தேன். ஞாயிறு சாயங்காலம் வாரக் குறிப்பு: யாருடையது, எந்தக் கல்யாணம், என்றைக்குக் கொடுக்கணும். தினமும் படுக்கும் முன் அதிலிருந்து ஐந்தே வேலையை எடுத்து மறுநாள் குறிப்பில் எழுதுவேன், முடியாதது திரும்ப வாரக் குறிப்புக்கே போகும்.

எழுதுகிற விதமும் முக்கியம். "பச்சைப் பட்டு ப்ளவுஸ்" என்று மொட்டையாக எழுதினால் வேலை நகராது. லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் பிடிக்கும், அதனால் "லைனிங் நனைக்கணும்" என்பது திங்கள், கட்டிங் செவ்வாய், தையல் புதன், கொக்கி வியாழன் என்று தனித்தனியாக எழுதுகிறேன். கை துணியில் இருக்கும்போது கீபோர்டு மைக்கைத் தொட்டுத் தமிழில் சொன்னாலே எழுதிக்கொள்கிறது. கொக்கி வைக்கும் அக்காவுக்கும் அந்தக் குறிப்பைப் பகிர்ந்திருக்கிறேன், அவர் வீட்டிலிருந்தே பார்த்து டிக் போடுகிறார். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், என்னைப் போல வீட்டிலும் கடையிலும் மாறி மாறி ஓடுகிற பெண்கள் ஒரு வாரம் செய்து பார்க்கணும்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பராமரிப்புப் பணிக்கான மின்தடை அறிவிப்பு உங்கள் பத்திரிகையில் பெரும்பாலும் முந்தின நாள்தான் வருகிறது. அதற்குள் வாரக் குறிப்பு போட்டாகிவிடும், என் மிஷினோ மோட்டாரில் ஓடுவது. அந்த வாரத்துக்குத் தெரிந்த மின்தடையை எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே பகுதிவாரியாக ஒரே இடத்தில் போட்டால், கட்டிங்கையும் கொக்கியையும் அந்த நாளுக்கு வைத்துக்கொண்டு தையலை வேறு நாளுக்கு மாற்றிவிடுவேன். தயவுசெய்து கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்