அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். நல்ல மழை, குளம் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. தம்பி அரியரை முடித்துவிட்டான். கறவை மாட்டை விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்று காலை வந்தவர்கள் நினைப்பாகவே இருக்கிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கிளம்பும் நேரம். விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்து எடுக்கிறார்களா என்று பார்க்கும் நாடா அமைப்பிலிருந்து, உனக்கு டோப் டெஸ்ட் எடுக்க வருகிறோம் என்று அடையாள அட்டையைக் காட்டினார்கள். நீ இங்கே இருப்பதாக அவர்களுக்குக் குறித்துக் கொடுத்திருந்த அந்த ஒரு மணி நேரமும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வைத்த காபி ஆறிப்போனது, தொடவில்லை. வந்திருப்பது யாரென்று கடைக்காரர் கேட்டார். ஸ்காலர்ஷிப் விஷயம் என்று சொல்லிவைத்தேன்.

போனில் சொன்னபோது "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிட்டாய். பிறகு நீயாக ஒரு தடவையும் கூப்பிடவில்லை. கேம்ப் மாறியதும் நாடாவுக்குக் கொடுத்த முகவரியை மாற்ற மறந்திருப்பாய், சரி. ஆனால் 12 மாதத்தில் மூன்று முறை இப்படி ஆனால், உடம்பில் எதுவுமே இல்லாவிட்டாலும் போட்டியில் ஓட 2 வருடம் வரை தடை போடலாமாமே. எங்கே தங்கினாலும் முதலில் அதை மாற்றிவிடு.

400 மீட்டர் தடை ஓட்டத்தில் போன வருடம் வரை 59 வினாடியை விட்டு இறங்காத உன் நேரம் இந்த வருடம் 57 சொச்சத்துக்கு வந்துவிட்டது. பேப்பரில் வந்ததை வெட்டி டிவிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். 100 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த உன்னை, கால் நீளத்தைப் பார்த்துத் தடை ஓட்டத்துக்கு மாற்றினாரே பி.டி. சார், அவர் வீடு தேடி வந்து இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார். கட்டையில் உரசி உரசி உன் முட்டியின் உள்பக்கம் ஆறாமல் கிடந்த புண்ணுக்கு அம்மா மஞ்சள் வைத்ததெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. ஏழாவது தடைக்கு மேல் மூச்சு வாங்கி, இரண்டு தடைக்கு நடுவே வைக்கும் 15 எட்டு 17 ஆகிவிடும் உனக்கு. நடுவில் 16 எட்டு வைக்க வேண்டுமென்றால் வலது காலாலும் தாண்ட வேண்டும். அந்தக் கால் பழகவே எவ்வளவு நாள் பிடித்தது!

நேரம் மெதுவாகத்தான் குறையும் என்று நீதானே எனக்குச் சொல்வாய். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதே ஓட்டத்தில் பி.டி. உஷா ஓடிய 55.42 வினாடியை நம் நாட்டில் 39 வருடம் யாரும் தொடவில்லை. நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் போன ஓட்டம் அது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம்ம கோயம்புத்தூர்ப் பெண், லாரி ஓட்டுநர் மகள் வித்யா ராம்ராஜ் அதே 55.42ஐ ஓடினார். மறுநாள் இறுதிப் போட்டியில் 55.68, வெண்கலம். அன்றைக்கு நீ டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தாய்.

உனக்குப் பயிற்சி கொடுக்கும் புது சார் நல்லவராகவே இருக்கட்டும். அவர் கொடுக்கும் பவுடர் என்ன கம்பெனி, டப்பா சீல் உடைக்காமல் வந்ததா என்று பார்த்தாயா? வேறு யாராவது திறந்த பாட்டிலில் குடிக்காதே. சளி மாத்திரை என்றாலும் கேம்ப் டாக்டரைக் கேட்காமல் போடாதே. அம்மா கொடுத்துவிட்ட லேகியத்தையும் வீசிவிடு. வைத்தியர் அதில் என்ன சேர்க்கிறார் என்று நமக்குத் தெரியாது. யார் கொடுத்திருந்தாலும், உடம்பில் இருந்தால் ஓடுகிறவர்தான் பொறுப்பு என்கிறார்கள். திறந்த பாட்டில் வேண்டாம் அம்மிணி.

உன்னை நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் மைதானத்தில் கட்டை தட்டி விழுந்தால்கூட அன்றைக்கே சொல்கிற பிள்ளை, இப்போது "சாப்டேன், தூங்கப்போறேன்" என்று இரண்டே வார்த்தையில் முடித்தால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்? ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போடுவதாகச் சொன்னாயே, போட்டாயா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கூப்பிடாவிட்டால் நானே பாட்டியாலா கேம்புக்கு ரயில் ஏறி வந்துவிடுவேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாதது ஏதாவது இருந்தால் முதலில் என்னிடம் சொல். 57 வேண்டாம், 60க்கே திரும்பிப் போனாலும் பரவாயில்லை. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா